ஈசானிய மூலைத் தொட்டியும் என் மாமியாரின் கையும்

மாமியாராகப் போகிறவரை முதல் சந்திப்பிலேயே கறுப்புத் தார்ப்பாய்க்குள் நிற்க வைத்து, விளக்கையும் அணைத்துவிட்டு, "கால் மணி நேரம் ஆடாம அசையாம நில்லுங்க" என்று உத்தரவு போட்ட பெண் இந்தத் தமிழ்நாட்டிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. (கொஞ்சம் பெருமையும் உண்டு. இல்லை என்று சொன்னால் என் வீட்டுக்காரரே சிரிப்பார்.)

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். டிப்ளமோ முடித்த கையோடு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை. டீசல் இன்ஜினுக்கு நாசில் செய்கிற கம்பெனி. நாசில் என்றால் டீசலைப் புகை மாதிரி பீச்சுகிற சின்ன மூக்கு. அதன் ஓட்டை தலைமுடி கனம்தான் இருக்கும். அந்த ஓட்டைக்குள் ஒரு துளி எண்ணெயோ இரும்புத் தூளோ தங்கிவிட்டால் நாசில் வீண். அதைக் கழுவி அனுப்புவது வாஷிங் செக்ஷன். அந்த செக்ஷனுக்கு நான்தான் இன்சார்ஜ்.

"கழுவுற செக்ஷன்" என்றால் ஏதோ பாத்திரம் துலக்குகிற இடம் என்று நினைத்துவிடாதீர்கள். தினகரனின் அம்மா அப்படித்தான் நினைத்துவிட்டார். எல்லா வினையும் அங்கேதான் ஆரம்பம்.

தினகரன் எங்கள் கம்பெனியிலேயே குவாலிட்டியில் இருந்தான். பென்னலூர்க்காரன், அமைதியான பையன். நான் பத்து வார்த்தை பேசினால் அவன் ஒரு வார்த்தை பேசுவான். கல்யாணம் செய்துகொள்வது என்று நாங்கள் இருவரும் முடிவு செய்துவிட்டோம். எங்கள் வீட்டில் அழுது புரண்டு சம்மதம் வாங்கிவிட்டேன். அவன் அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். "உங்கம்மா சரின்னா எனக்கும் சரிடா" என்று ஒரே வரியில் தப்பித்துக்கொண்டார். மிச்சம் இருந்தது அம்மா, அலமேலு அம்மா.

"இன்னாடா வேல செய்து அந்தப் பொண்ணு?" என்று அவர் கேட்டிருக்கிறார்.

தினாவுக்குத்தான் பேச்சே வராதே! "வாஷிங்மா" என்றிருக்கிறான். அவ்வளவுதான், வேறு ஒன்றும் சொல்லவில்லை.

"டிப்ளமா படிச்சிட்டு கழுவுற வேலையா? அதுவும் தென்னாட்டுப் பொண்ணு. நமக்கு ஒத்து வராதுடா."

இதை அவன் வந்து என்னிடம் சொன்னபோது எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, யாத்தீ! கழுவுற வேலையா? நான் கழுவுகிற தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று அந்த அம்மாவுக்குத் தெரியுமா?

என்ன நடக்கிறது என்று உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

எங்கள் தொட்டியில் தேய்க்க பிரஷ் கிடையாது. அடியில் இருந்து தண்ணீருக்குள் சத்தத்தை அனுப்புவோம். நம் காதுக்கு எட்டாத அளவுக்கு உச்சஸ்தாயியில் ஒரு சத்தம். (மிச்சம் மீதி நம் காதில் "ங்ங்ஈஈ" என்று விழுந்துகொண்டே இருக்கும். புதுசாக வருகிறவர்களுக்குப் பல் கூசும்.) அந்தச் சத்தம் தண்ணீரை இழுக்கும், அமுக்கும், இழுக்கும், அமுக்கும். இழுக்கும்போது தண்ணீரில் பொடிப்பொடியாகக் குமிழ்கள் பிறந்து உப்பும். அமுக்கும்போது படாரென்று நசுங்கும். அந்த நசுங்கலில்தான் நாசிலில் இருக்கும் அழுக்கு தெறித்து வெளியே வரும்.

இதுவரை எங்கள் செக்ஷனில் எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரியாத ஒன்றை ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் போனை நோண்டிக்கொண்டு வரும்போது பார்த்தேன். குமிழ் நசுங்கும்போது வெளிச்சம் வருமாம்! சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுகிறது அல்லவா, அதே கதைதான். காற்றை அமுக்கினால் சூடு. குமிழ் நசுங்குகிற வேகத்தில் உள்ளே மாட்டிய காற்றின் சூடு வெளியேற நேரமே கிடைக்காது. அதனால் ஒரு கணத்துக்கு, கணம் என்றுகூடச் சொல்லக்கூடாது, அதற்கும் சின்னதற்கும் சின்னதான ஒரு நேரத்துக்கு, அந்தக் குமிழுக்குள் சூரியனின் மேற்பரப்புக்குச் சமமான சூடு, சமயத்தில் அதற்கு மேலேயும். அப்போது நீலமாக ஒரு மினுக்கு. அந்த வெளிச்சம் உள்ளே எப்படித்தான் உண்டாகிறது என்பதில் பெரிய பெரிய விஞ்ஞானிகளே இன்னும் முழுசாக ஒத்துப்போகவில்லையாம்.

நான் பஸ்ஸிலேயே எழுந்து நின்றுவிட்டேன். குன்றத்தூர் ஹாஸ்டலில் இறங்க வேண்டியவள் ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன். என் தொட்டிக்குள், நான் தினமும் முறைத்துக்கொண்டு நிற்கிற தொட்டிக்குள், ஆயிரக்கணக்கில் சூரியன் பிறந்து சாகிறது, நான் பாட்டுக்கு டிபன் பாக்ஸில் என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்!

தொட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க வாரம் ஒருமுறை அலுமினியத் தாளை உள்ளே தொங்கவிடுவோம். பிரியாணி பார்சலில் வருமே, அந்தத் தாள்தான். கொஞ்ச நேரத்தில் குமிழ்கள் அதில் பொடிப்பொடியாக ஓட்டை போட்டுவிடும். ஓட்டைகள் கண்டபடி விழாது, வரிவரியாக விழும். சத்தம் எங்கே பலமாக இருக்கிறதோ அந்த மட்டத்தில்தான் குமிழ்கள் கூடும். அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் அந்தத் தாளை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் குப்பையில் போட்டேன்.

ஆனால் நிஜ வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. அது அவ்வளவு மங்கல். அதற்குக் கும்மிருட்டு வேண்டும். எங்கள் ஷாப் ஃப்ளோரில் மூன்று ஷிஃப்டும் விளக்கு எரியும். தொட்டித் தண்ணீரோ சுடச்சுட இருக்கும், அதில் சோப்புக் கெமிக்கல் வேறு. அந்த வெளிச்சத்துக்குக் குளிர்ந்த சுத்தமான தண்ணீர்தான் பிடிக்கும்.

வருஷத்தில் ஒரே ஒரு நாள் என் தொட்டியில் சுத்தமான தண்ணீர் நிற்கும். ஒரே ஒரு நாள் லைன் ஓடாது, விளக்கை அணைத்தாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அந்த நாள் ஆயுத பூஜை.

ஆயுத பூஜைக்குத்தான் குடும்பத்தாரையும் கம்பெனிக்குள் விடுவார்கள். "அம்மாவ கூட்டிக்கினு வரேன். நீ சும்மா வணக்கம் சொல்லி, பொரி பாக்கெட்டக் குடுத்து, சிரிச்சிட்டு போ. அது போதும்" என்றான் தினா.

அது போதுமா? எனக்குப் போதுமா? "கழுவுற வேலை" என்ற வார்த்தையை அவர் வாயாலேயே திரும்ப வாங்க வைக்காவிட்டால் நான் என்ன பொம்பளை!

முதல் நாளே வேலையை ஆரம்பித்துவிட்டேன். தொட்டியைச் சுற்றிக் கறுப்புத் தார்ப்பாய் கட்டினேன், இரட்டை மடிப்பாக. கயிற்றின் ஒரு பக்கம் தூணில், இன்னொரு பக்கம் பார்ட்ஸ் தள்ளுகிற டிராலியில். மெஷினில் மினுக்கிய சிவப்பு, பச்சை விளக்குகள் மேல் கறுப்பு டேப் ஒட்டினேன். கேன்டீனில் மறுநாள் மோருக்கு வருகிற ஐஸில் பாதியைத் தொட்டிக்குத் தரச் சொல்லிக் கெஞ்சி வைத்தேன். தண்ணீரில் ஆர்கான் வாயு கலந்திருந்தால் வெளிச்சம் கூடும் என்று படித்திருந்தேன். ஆர்கான் எங்கள் வெல்டிங் செக்ஷனிலேயே இருக்கிறது! அங்கே சாத்தூர்க்காரப் பாண்டி அண்ணன் இருந்தார்.

"எதுக்குத் தாயி தண்ணிக்குள்ள வாயு விடுத? மீனு வளக்கப் போறியா?"

"நட்சத்திரம் வளக்கப் போறேன்ணே."

"ஒனக்குக் கல்யாணம் ஆவுறதுக்குள்ள எங்களுக்கு வேல போயிரும் போல" என்று சொல்லிக்கொண்டே, பூஜை அன்று காலையில் சிலிண்டரைத் தள்ளிவந்து, கொஞ்ச நேரம் தண்ணீருக்குள் குமிழ் விட்டு, மூடி எடுத்துப் போனார்.

பூஜையோ முன்வாசல் ஆபீஸ் ரூமில் ஆரம்பிக்கும். அப்புறம் லேத், கிரைண்டிங், அசெம்பிளி என்று ஒவ்வொரு மெஷினாகக் கற்பூரம் காட்டிக்கொண்டு வந்து, கடைசியில்தான் எங்கள் மூலைக்கு வருவார்கள். போன வருஷமும் அப்படித்தான், அதற்கு முந்தின வருஷமும் அப்படித்தான். கற்பூரம் காட்டிவிட்டால் அப்புறம் மெஷினைத் தொடக்கூடாது. அதற்குள் எனக்கு வேண்டிய அளவு நேரம் இருந்தது. கணக்கு கச்சிதம்!

அலமேலு அம்மா மாம்பழக் கலர் பட்டுப்புடவையில் வந்தார். நெற்றியில் காலணா அளவு குங்குமம், கல் மூக்குத்தி. முகத்தில் சிரிப்பு என்கிற சமாசாரம் மருந்துக்கும் இல்லை.

"வாங்க அத்..." என்று ஆரம்பித்து "...ம்மா" என்று முடித்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

கேட்டிலேயே முதல் அடி விழுந்தது. ஷாப் ஃப்ளோருக்குள் போக வேண்டும் என்றால் யாராக இருந்தாலும் வளையல், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி டிரேயில் வைக்க வேண்டும். மெஷினில் மாட்டிக்கொள்ளும் என்பதால் அப்படி ஒரு சட்டம். கைக்கு வெள்ளைத் துணிக் கையுறை தருவார்கள்.

"நல்ல நாளும் அதுவுமா வளையலக் கழட்டச் சொல்றாங்களே! இன்னா கம்பெனிடா இது? கட்டினவரு நல்லா கீறாரு, நான் ஏன் வளையலக் கழட்டணும்?"

செக்யூரிட்டி அம்மா பயந்து என்னைப் பார்த்தாள். நான் தினாவைப் பார்த்தேன். தினா மேலே மாவிலைத் தோரணத்தைப் பார்த்தான். கடைசியில் தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒவ்வொரு வளையலாக, ஒவ்வொன்றுக்கும் என்னை ஒருமுறை முறைத்துவிட்டு, கழற்றி வைத்தார். அந்த நிமிஷமே என் கல்யாணம் நின்றுபோய்விட்டது என்றுதான் நினைத்தேன். இனி என்னைக் காப்பாற்ற அந்த நீல வெளிச்சத்தால் மட்டும்தான் முடியும்.

தார்ப்பாய் கூடாரத்தைப் பார்த்ததும், "இன்னாது இது, குறி சொல்றவங்க கொட்டாய் மாரி கீது?" என்றார்.

"உள்ள வாங்கம்மா. நான் என்ன வேல பாக்கேன்னு காட்டுதேன். இந்தத் தண்ணிக்குள்ள சூரியன் இருக்கு."

அவர் மகனைப் பார்த்தார். பைத்தியத்தையா கட்டிக்கொள்ளப் போகிறாய் என்கிற பார்வை.

நிற்க வைப்பதிலும் ஒரு திட்டம் இருந்தது. நான் இந்த ஓரம், நடுவில் தினா, அந்த ஓரம் அம்மா. விளக்கை அணைத்தேன். தார்ப்பாயை இழுத்து மூடினேன். ஆகா, இருட்டென்றால் அப்படி ஒரு இருட்டு! கையை மூக்குக்கு நேரே கொண்டுவந்தாலும் தெரியவில்லை. மெஷினைப் போட்டேன். "ங்ங்ஈஈ" என்று தொட்டி பாட ஆரம்பித்தது.

"கண்ணு இருட்டுக்குப் பழகணும்மா. கால் மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் தொட்டியையே பாத்துக்கிட்டு நில்லுங்க!" என்று கத்தினேன்.

இங்கேதான் என் வாய் வந்து குறுக்கே விழுந்தது. கால் மணி நேரம் பேசாமல் இருப்பது என்பது எனக்குச் சின்ன வயதில் இருந்தே ஆகாத காரியம். பக்கத்தில் தினாவின் கை. கையுறை போட்ட கைதான், ஆனாலும் அவன் கை. பிடித்துக்கொண்டேன். அந்தக் கை சட்டென்று விறைத்தது. (கூச்சப்படுகிறான் பாவம் என்று நினைத்தேன்.) விடாமல் இறுக்கிப் பிடித்து, தோளில் சாய்ந்து, காதுக்குப் பக்கத்தில் போய்ப் பேச ஆரம்பித்தேன். தொட்டி போடுகிற கூச்சலில் காதோடு பேசினால்தான் கேட்கும்.

"ஏ தினா, ஒங்கம்மாவப் பாத்தாலே எனக்கு வயித்தக் கலக்குதுடா. அவிய சிரிக்கவே மாட்டாவளா? மூக்குத்திதான் கல்லுன்னு பாத்தா, மூஞ்சியும் கருங்கல்லாட்டம் வச்சிருக்காவ."

கை அசையவில்லை. எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

"வளையலக் கழட்டச் சொன்னதுக்கு என்னைய முறைக்காவளே, நானா சட்டம் போட்டேன்? ஆனா பாவம்டா. நல்ல நாள்ல கழட்டச் சொன்னா யாருக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கும். எங்கம்மான்னா கேட்லயே ஒப்பாரி வச்சிருப்பா."

கை லேசாக அசைந்த மாதிரி இருந்தது.

"இன்னொண்ணு சொல்லட்டா? நீ அன்னைக்கு டப்பால மீன் குழம்பு கொண்டுவந்தியே, ஒங்கம்மா வச்சது. அன்னைக்குத்தான்டா ஒன்னையக் கட்டிக்கிடணும்னே முடிவு பண்ணேன். சத்தியமா. ஹாஸ்டல் சாம்பாரத் தின்னு தின்னு நாக்கு செத்துப்போயிக் கெடந்துச்சு. அதைத் தின்னுட்டு பாத்ரூம்ல போயி அழுதேன், ஊர் ஞாபகம் வந்துட்டு. ஒன்னைய விட அந்தக் குழம்பத்தான் எனக்குப் பிடிச்சிருக்கு. ஒங்கம்மா வேண்டாம்னு சொல்லிட்டாவன்னா நீ போனாக்கூடப் பரவாயில்ல, அந்தக் குழம்பு போயிருமேன்னுதான் கவலையா இருக்கு."

அந்தக் கை என் கையை ஒருமுறை அழுத்தியது. தினாதான், பேச வராத பையன், கையாலேயே ஆறுதல் சொல்கிறான்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னும் நெருங்கிச் சாய்ந்துகொண்டு, "ஒங்கம்மாவுக்கு மட்டும் இந்த வெளிச்சம் தெரிஞ்சிறணும்டா, முருகா..." என்று ஆரம்பித்தேன்.

மணிச் சத்தம் கேட்டது. கிணிகிணிகிணியென்று, ரொம்பப் பக்கத்தில்.

"ஈசானிய மூலையிலேர்ந்து ஆரம்பிச்சுடலாம், அதான் சாஸ்திரம்" என்று வெளியே ஒரு குரல். அந்த வருஷம் புதுக் குருக்கள்.

என் தலையில் இடி விழுந்தது. கம்பெனி கட்டும்போது வாஸ்து பார்த்து, தண்ணீர் வடகிழக்கில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லித்தான் என் தொட்டியை அந்த மூலையிலேயே வைத்திருந்தார்கள். அப்படியென்றால் வாஸ்து தெரிந்த எந்தக் குருக்கள் வந்தாலும் பூஜையை என் மூலையில்தான் ஆரம்பிப்பார்! இந்தச் சின்ன விஷயம் என் கச்சிதமான கணக்கில் வரவே இல்லை.

தார்ப்பாய் விலகியது. தட்டு நிறையக் கொழுந்துவிட்டு எரிகிற கற்பூரம். கால் மணி நேரம் இருட்டுக்குப் பழகிய கண்ணில் அந்த வெளிச்சம் பட்டால் எப்படி இருக்கும்! கண் கூசித் தண்ணீராய்க் கொட்டியது. இமையைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தால், குருக்கள். அவர் பின்னால் புது வெள்ளைச் சட்டையில் பிளான்ட் ஹெட் சார், உள்ளங்கையில் திருஷ்டிப் பூசணிக்காயை ஏந்திக்கொண்டு. அவர் பின்னால் மொத்தக் கம்பெனியும், குடும்பம் குட்டிகளோடு.

நான் மெதுவாக என் கையைப் பார்த்தேன். என் கைக்குள் வெள்ளைக் கையுறை. கையுறைக்கு மேலே தினாவின் யூனிஃபார்ம் சட்டை இல்லை. மாம்பழக் கலர் பட்டு இருந்தது.

தினா அந்த ஓரத்தில், நான் அவன் அம்மாவை நிறுத்தி வைத்த இடத்தில், முழித்துக்கொண்டு நின்றான். விளக்கை அணைத்த உடனேயே அவர் அவனைத் தள்ளிவிட்டு நடுவில் வந்து நின்றுகொண்டாராம். "கல்யாணத்துக்கு முன்னால இருட்டுல ஒரு வயசுப் பொண்ணு பக்கத்துல நீ ஏன்டா நிக்கணும்? தள்ளுடா!" என்று அவன் காதில் மட்டும் விழும்படி சொன்னாராம். தாயாக லட்சணமாகத் தன் கடமையைச் செய்திருக்கிறார். வளையல் இருந்திருந்தால் தொட்ட உடனே தெரிந்திருக்கும். கையுறை இல்லாவிட்டாலும் தெரிந்திருக்கும். எல்லாம் கம்பெனிச் சட்டம்!

நான் "யம்மா!" என்று அலறிக்கொண்டு பின்னால் துள்ளினேன். பின்னால் டிராலி. டிராலிக்குச் சக்கரம் உண்டு. அது உருண்டது, கயிறு இழுத்தது, தார்ப்பாய் முழுவதும் அவிழ்ந்து பிளான்ட் ஹெட் சார் தலைமேல் விழுந்தது. குருக்கள் அனுபவசாலி, கற்பூரத் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்துவிட்டார். சார் தார்ப்பாய்க்குள் கைகால் ஆட்டிய ஆட்டத்தில் பூசணிக்காய் பறந்தது. நேராக என் தொட்டிக்குள் தொப்பென்று விழுந்தது.

மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பூசணிக்காய்க்குள் அடைத்திருந்த குங்குமம் எல்லாம் கலைந்து தண்ணீர் செக்கச்செவேல் என்று ஆனது. தார்ப்பாயில் இருந்து வெளியே வந்த சாரின் புதுச் சட்டையில் குங்குமத் தண்ணீர் தெறித்திருந்தது. ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தேன். பூசணிக்காய் மேலே வந்து மிதந்தது. சந்தனம் இல்லை, குங்குமப் பொட்டு இல்லை, சாம்பல் பூசணிக்கே உரிய அந்தச் சாம்பல்கூட இல்லை. பச்சைப் பளிங்காக ஜொலித்தது. எங்கள் தொட்டியின் தரத்துக்கு அதைவிட நல்ல சர்டிஃபிகேட் கிடையாது, ஆனால் அதைச் சொல்கிற நேரமா அது?

"பூஜை நாள்ல யார் மெஷின ஓட்டினது?" சாரின் கண் சிவந்திருந்தது. கோபத்திலா, குங்குமம் கண்ணில் பட்டா என்று தெரியவில்லை.

"சார்... நட்சத்திரம் சார்..." என்றேன். அதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக!

"எது?"

வேலையும் போச்சு, கல்யாணமும் போச்சு. அப்போது அந்த மாம்பழக் கலர் புடவை எனக்கு முன்னால் வந்து நின்றது.

"நான்தாங்க ஓட்டச் சொன்னேன். எங்க மருமவப் பொண்ணு இன்னா வேல செய்துன்னு பாக்கத்தான் வந்தேன். ஓட்டிக் காட்டுன்னு சொன்னது நானு. தப்புன்னா என்னக் கேளுங்க, அதுங்கிட்ட இன்னாத்துக்குச் சத்தம் போடறீங்க?"

மருமவப் பொண்ணு! கூட்டத்தில் இருந்து ஒரு விசில் பறந்தது. பாண்டி அண்ணன்தான். சார் வாயைத் திறந்தார், அலமேலு அம்மாவின் முகத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார். அந்த முகத்தின் அருமை எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

திரும்பப் போகும்போது கேட்டில் டிரேயில் இருந்து ஒவ்வொரு வளையலாக எடுத்துப் போட்டுக்கொண்டார். நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன்.

"மூஞ்சி கருங்கல்லாட்டம் கீதா?"

"ஐயோ அம்மா, மன்னிச்சிருங்கம்மா..."

"அத்தன்னு கூப்புடு. வரும்போது அத்துன்னு ஆரம்பிச்சியே, முழுசா சொல்லு." அடுத்த வளையல். "நீ துன்ன கொழம்பு இன்னா மீனு?"

"சங்கராதானே அத்தை?"

"த்தூ! ஏரிக் கெண்டடி அது. கோயில்பட்டில மீனு ஏது, ஒனக்கு இன்னா தெரியும்? ஞாயித்துக்கிழம வூட்டுக்கு வா."

நான் அங்கேயே அழுதுவிட்டேன். தினா என்ன செய்வது என்று தெரியாமல் பொரி பாக்கெட்டைப் பிரித்து என்னிடம் நீட்டினான். அழுகைக்கு நடுவில், "உங்களுக்கு அந்த வெளிச்சத்தைக் காட்ட முடியாமப் போயிட்டே அத்தை" என்றேன்.

அவர் கடைசி வளையலைப் போட்டபடி நிதானமாகச் சொன்னார்.

"நான் பாத்தேனே."

"என்ன?"

"நீ தொட்டியையே பாருன்னு சொன்ன, பாத்துக்கினு இருந்தேன். நீ என் காதுல பேசிக்கினே கீற. மொதல்ல ஒண்ணும் தெரியல. அப்பால மெதுவா வந்துது. நீலமா, மெல்லிசா. ஜமக்காளத்துல வரி போட்டு இருக்குமே, அது மாரி வரிவரியா."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. வரிவரியாக வரும் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை! தினாவிடம்கூடச் சொன்னதில்லை. அலுமினியத் தாளில் ஓட்டை விழுகிற அதே வரி. அவர் நிஜமாகவே பார்த்திருக்கிறார். நான் ஐஸ் கெஞ்சி, ஆர்கான் விட்டு, தார்ப்பாய் கட்டி உண்டாக்கிய வெளிச்சம் என் மூக்குக்கு முன்னாலேயே எரிந்திருக்கிறது. நான் முதுகை அதற்குக் காட்டிக்கொண்டு, அவர் காதில் மீன் குழம்புக் கதை சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே அத்தை!"

"நீ எங்கடி கேப் வுட்ட?"

கல்யாணம் ஆகி வருஷங்கள் ஓடிவிட்டன. இன்றைக்கும் வீட்டில் கரண்ட் போனால், மெழுகுவர்த்தி தேடுவதற்கு முன்னால், "மகேசு, யார் கைன்னு பாத்துப் புடி!" என்று ஒரு குரல் வரும். உறவுக்காரர் வீட்டு விசேஷங்களில் இந்தக் கதை பந்தி முடிகிற வரைக்கும் ஓடும். கம்பெனியில் ஆயுத பூஜை அன்று வாஷிங் செக்ஷன் மெயின் ஸ்விட்சுக்குப் பூட்டு போட்டுவிடுகிறார்கள். சாவி பிளான்ட் ஹெட் சாரின் சட்டைப் பையில் இருக்கும். அவர் இப்போதெல்லாம் பூஜைக்கு வெள்ளைச் சட்டை போடுவதில்லை. பூட்டு விழுந்துவிட்டதால் அந்த நீல வெளிச்சத்தை நான் இன்றுவரை என் கண்ணால் பார்த்ததே இல்லை.

ஆனால் வருஷா வருஷம் ஆயுத பூஜை அன்று, கெண்டைக் குழம்பு கிடையாத அந்த ஒரு நாளில், அத்தை பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அது எப்படி இருந்துச்சு அத்தை?" என்று கேட்பேன். அவரும் முதல் தடவை சொல்வதுபோல, நீலத்தில் இருந்து வரிவரை, ஒன்றுவிடாமல் சொல்வார். அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் வாயே திறப்பதில்லை.